காதுக்கு வரைந்த படம்

என் மனைவிக்குப் பஸ்ஸில் காது கேட்கும் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. நெடுங்காட்டில் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டுக் காரைக்காலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் மகள் அப்போது கைக்குழந்தை, அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கிடைத்தது என்ஜினை ஒட்டிய இருக்கை. அந்தக் காலத்து பஸ்கள் போடும் இரைச்சலில் கண்டக்டரே விரலைக் காட்டித்தான் டிக்கெட் எத்தனை என்று கேட்பார். வயல்களில் தண்ணீர் ஏறியிருந்ததைப் பார்த்து, யாருக்கென்றில்லாமல், "இந்த வருஷம் வாய்க்கால்ல சீக்கிரமே தண்ணி வந்துட்டுது" என்றேன்.

"ஆமாங்க. அண்ணன்கூடச் சொல்லிச்சு. நாத்து விட்டாச்சாம்" என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரசவத்துக்குப் பிறகு அவள் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி, வீட்டில் நான் எதிரே போய் நின்று உரக்கக் கத்தினால்தான் பாதியாவது அவளுக்கு எட்டும் என்ற நிலைக்கு வந்திருந்தது. இங்கே நான் முகத்தைக்கூட அவள் பக்கம் திருப்பவில்லை. திரும்பவும் சாதாரணக் குரலில், "குழந்தைக்குக் குளிருதோ?" என்றேன். "இல்லை, நல்லாத்தான் தூங்குறா" என்று சொல்லிவிட்டு, அவளும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. திருநள்ளாறு தாண்டி ஊர் வந்து சேரும்வரை, கல்யாணமான புதிதில் பேசியதைப்போலப் பேசிக்கொண்டே வந்தோம். பஸ் நின்றது. என்ஜினை நிறுத்தினார்கள். நான் ஏதோ சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு காரணமே இல்லாமல் அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். பேச வேண்டிய விஷயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு அம்மை குத்துவது, ஓட்டுக் கூரையில் ஒழுகும் இடம், என் தம்பி படிப்பு எல்லாமே நெடுங்காட்டு பஸ்ஸில்தான் பேசி முடிவானது.

அப்போது எனக்கு நில அளவை ஆபீசில் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அவர்கள் விட்டுப்போன பழைய பிளான்களைப் பார்த்துப் புதிதாக வரைவது என் வேலை. கோவில்பத்தில் வாடகை வீடு. காலையில் சைக்கிளில் போனால் மதியம் சாப்பிட வந்துவிட்டுத் திரும்பப் போவேன். நான் இல்லாத நேரத்தில் குழந்தை அழுதால் அவளுக்குத் தெரியாது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. அதற்கும் அவளே வழி செய்துகொண்டாள். தூளியிலிருந்து ஒரு நூல் கயிற்றை இழுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அடுப்பு வேலை பார்ப்பாள். குழந்தை புரண்டால் கயிறு சொடுக்கும். ஒருநாள் மதியம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தது. கயிறு அறுந்து கிடந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாக அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாளே ஊரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு கிளையுள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி அவள் காதருகில் பிடித்தார். கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள். அதே கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஊன்றினார். அவள் கண் விரிந்தது. "கேக்குது, வண்டு மாதிரி கேக்குது" என்றாள். டாக்டர் என்னிடம் சொன்னார்: "நரம்பு நல்லா இருக்கு. உள்ளே அரிசிமணி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கு, அது அசையாம இறுகிப்போச்சு. அதனாலதான் நீங்க சொன்ன மாதிரி பஸ்ஸுல கேக்குது: இரைச்சல் இவங்களுக்கு எட்டாது, அதுல நாம நம்மளை அறியாம உரக்கப் பேசுற பேச்சு மட்டும் எட்டும். மெட்ராஸ்ல இப்ப அதைத் தட்டி அசைச்சு விடுறாங்க. போய்ப் பாருங்க."

பேரளம் போய் வண்டி மாறி மெட்ராஸ் போனோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நடுவயதுக்காரர், பொறுமைசாலி. அவளைப் பரிசோதித்து முடித்த பிறகு என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அவள் அறைக்குள்ளிருந்து கதவு வழியாக எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

ரயில் கிளம்பி வேகம் பிடித்ததும் கேட்டாள். பஸ்ஸைப்போலவே ரயிலிலும் அவளுக்குக் கேட்கும்.

"டாக்டரு என்ன சொன்னாங்க?"

"பெரும்பாலும் நல்லாயிடுமாம். சில பேருக்கு ஆகாதாம். ரொம்ப அபூர்வமா, இருக்குறதும் போயிடுமாம்."

ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"சில பேருன்னா எத்தனை பேருங்க? நம்ம தெருவுல சில பேருன்னா நாலு வீடு. மாங்கனித் திருவிழாவுல சில பேருன்னா ஆயிரம் பேரு."

"அப்படியெல்லாம் இல்ல. கொஞ்சம் பேரு."

"அபூர்வம்னா? வால்நட்சத்திரம் மாதிரியா, இல்ல நம்ம வீட்டுப் பசு ரெட்டைக் கன்னு போட்ட மாதிரியா?"

அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அதுவரை எங்களுக்குள் இருந்த எல்லாக் கஷ்டத்தையும் காது மேல் போட்டுப் பழகியிருந்தேன். இங்கே காதின் மேல் குற்றமில்லை. டாக்டர் என்னிடம் சொன்னதை நான் பூசி மெழுகிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்காக என்று கேட்டால், அவள் பயந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். பயம் எனக்குத்தான் இருந்தது என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது.

ஊருக்கு வந்த பிறகு, ஒரு விடுமுறை நாள், ஆபீசில் கழித்துப்போட்ட பிளான் தாள் ஒன்றின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். படம் போடுவதுதானே என் தொழில். பெரிதாக ஒரு காது போட்டுப் பச்சை வர்ணம் கொடுத்தேன். பக்கத்தில் சின்னதாக ஒரு காது போட்டுச் சிவப்பு கொடுத்தேன். நல்லதாகும் வாய்ப்பு பெரிசு, கெட்டுப்போகும் வாய்ப்பு சின்னது என்பது என் எண்ணம். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, கண் கலங்கிப்போய், "அப்ப ஒரு காது நல்லாயிடும், இன்னொரு காது சுருங்கிப் போயிடுமா?" என்றாள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "ஊரையே படம் போடுறீங்க, ஒரு காது போட வரலையே" என்றாள்.

"டாக்டரு உங்ககிட்ட எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்லுங்க" என்று என் எதிரே வந்து, வாயைப் பார்க்க வசதியாக உட்கார்ந்தாள். சொன்னேன். பத்துப் பேருக்குச் செய்தால் ஆறேழு பேருக்குக் கேட்கிறது. இரண்டு மூன்று பேருக்கு முன்பு இருந்தபடியே இருக்கிறது. ஒருத்தருக்கு இருக்கிற கொஞ்சமும் போய்விடலாம். தன் கையால் செய்தவர்களை வைத்து டாக்டர் சொன்ன உத்தேசம் அது. பெரிய கணக்கொன்றும் இல்லையென்று அவரே சொல்லியிருந்தார்.

விரலை விட்டுக் காட்டிக்கொண்டே சொன்னதால் அவளுக்கு இது பிடிபட்டது. "அப்ப அந்தப் பத்துப் பேரையும் போடுங்களேன்" என்றாள்.

புதுத் தாளில் பத்துப் பெண்களைப் போட்டேன். கேட்கிறவர்கள் எல்லோரையும் முன்வரிசையில் சிரித்த முகமாக நிறுத்தினேன். கடைசியில் ஒருத்தியைத் தனியாக, கன்னத்தில் கண்ணீர் வழிய, மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டேன்போலிருக்கிறது. அவள் விரல் நேரே அங்கே போனது.

"இவ ஏன் இவ்வளவு பெருசா இருக்கா? வேற யாரையும் பாக்க விடாம இவளே நிக்கிறா."

அழித்தேன். எல்லோரையும் ஒரே உயரமாக, ஒரே மாதிரிப் புடவையில், சிரிப்பும் அழுகையும் இல்லாத ஒரே முகத்தோடு போடச் சொன்னாள். காதில் மட்டும் வர்ணம். கேட்பவர்களுக்குப் பச்சை, இருந்தபடி இருப்பவர்களுக்குக் காவி, போய்விட்டவளுக்குச் சிவப்பு. வரிசையாக நிறுத்த வேண்டாம், சந்தையில் நிற்கிற மாதிரி கலந்து நிறுத்துங்கள் என்றாள். அப்படியே செய்தேன். ஆறு பச்சை, இரண்டு காவி, ஒரு சிவப்பு. பத்தாவது பெண்ணின் காதுக்கு வர்ணம் கொடுக்காமல், சுற்றுக்கோட்டைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். அரசலாற்றங்கரை வருடா வருடம் அரித்துக்கொண்டு இடம் மாறும். பிளானில் அந்தக் கரையை நாங்கள் அப்படித்தான் புள்ளிக்கோடாகப் போடுவோம்.

"இவ?"

"ஆறா ஏழாங்குறது டாக்டருக்கே நிச்சயமில்ல. இவ எந்தப் பக்கமும் போகலாம்."

சரி என்பதுபோலத் தலையாட்டினாள். படத்தைத் தரையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இதுல நான் யாரு?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பச்சைப் பெண் ஒருத்தியைக் காட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"தெரியாது" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா, இல்ல சொல்லக் கூடாதுன்னு இருக்கீங்களா?"

"எனக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் தோள் இறங்கியது. அழப்போகிறாள் என்று பயந்தேன். ஆனால் அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்ப யாரும் எதையும் மறைக்கலை. அன்னைக்கு வராந்தாவுல நின்னு நீங்க ரெண்டு பேரும் பேசுனப்ப, இவங்களுக்கு முடிவு தெரிஞ்சிருக்கு, எங்கிட்ட சொல்ல மாட்டேங்குறாங்கன்னு நெனச்சேன். காது போனதுலேர்ந்து அப்படித்தாங்க இருக்கு. நாலு பேரு பேசிட்டுச் சிரிச்சா என்னப் பத்தின்னு தோணும். வாய மூடிக்கிட்டா எதையோ மறைக்கிறாங்கன்னு தோணும். இதுல ஒண்ணும் மறைவில்ல. இவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிஞ்சது."

காது மந்தமான பிறகு அத்தனை நாளில் அவள் தன் காதைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். நான் வர்ணக் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனேன்.

படத்தை அவள் அரிசிப் பானைக்கு மேலே சுவரில் சோற்றுப் பசை வைத்து ஒட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அம்மாளின் கணவர் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். அந்த அம்மாளை நாங்கள் லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். லாத்தா படத்தைப் பார்த்ததுமே, "இத்தனை பேருக்குக் கேக்குதே! போயிட்டு வா தங்கச்சி. புள்ளைய நான் பாத்துக்கிறேன். அல்லா லேசாக்கி வைப்பான்" என்றார்.

என் மச்சான், அவளுடைய அண்ணன், நெடுங்காட்டிலிருந்து நெல் மூட்டை இறக்க வந்தவர், அதே படத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் கண்ணுக்கு ஒருத்திதான் தென்பட்டாள்.

"இதென்ன மாப்புள, செவப்பு?"

விளக்கிச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"நல்லாகுமா, ஆகாதா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க. ஆகும்னா போங்க. இல்லாட்டி இந்தப் பேச்சே வேணாம். இருக்குறதையும் புடுங்கிக்கிறதுக்கு மெட்ராசுக்குப் போகணுமா?"

அவர் சத்தத்தில் பாதி அவளுக்கே கேட்டிருக்கும். மீதியை அவர் உதட்டில் படித்திருப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, நாத்து விடுறப்ப வாய்க்கால்ல தண்ணி வரும்னு உனக்கு யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"அது வேற, இது வேற. ஒரு போகம் போனா அடுத்த போகம். காது போனா?"

"அதாண்ணே, நானும் அதத்தான் யோசிச்சேன்." அவள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இதுல இப்பவே ஒண்ணும் பெருசா இல்ல. பஸ்ஸுல கேக்குறதுகூட வலது காதுலதான். இடது காதுலதான் செய்யச் சொல்லப் போறேன். போனா போறது கொஞ்சம். வந்தா வர்றது நெறைய."

இதை அவள் என்னிடம்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை. டாக்டர் மோசமான காதில்தான் முதலில் கை வைப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. படத்தின் முன்னால் நின்று சோறு வடிக்கும்போதெல்லாம் அவள் தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

மச்சான் விடவில்லை. சிவப்புக் காதுக்காரியை விரலால் தொட்டார். "இவ நீயா இருந்தா?"

"இருக்கலாம்ணே."

அவ்வளவு சாதாரணமாக அவள் சொன்னதும் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அப்பா இல்லாமல் அவளை வளர்த்தவர் அவர்தான். அவள் பின்னாலேயே போனாள். நான் உள்ளேயே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். "சாப்பாடு போடு" என்றார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்கவில்லை. காதைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டு, அவள் விழித்திருக்கும்போதே செய்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகள் லாத்தாவிடம் ஊரில் இருந்தாள். உள்ளே நடந்ததை அவள்தான் பிறகு சொன்னாள். முகத்தை மூடித் துணி போட்டிருந்தார்களாம். எலும்பைச் சுரண்டுகிற மாதிரி ஒரு உணர்வு. தலை சுற்றியது. அப்புறம் எதுவும் இல்லை. திடீரென்று தட்டில் ஏதோ கரண்டி விழுந்த மாதிரி 'ணங்' என்று ஒரு சத்தம். அவள் படுத்தபடியே, "யாரோ எதையோ கீழ போட்டுட்டாங்க" என்றாளாம். உள்ளே எல்லோரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பும் கேட்டதாம். டாக்டர் குனிந்து, மிக மெல்ல, "உங்க ஊரு எது?" என்று கேட்டிருக்கிறார்.

"காரைக்கால்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

கட்டுப் போட்டு வெளியே கொண்டு வந்தபோது, நான் வழக்கப்படி குனிந்து காதருகில் கத்தினேன்: "எப்படி இருக்கு?"

அவள் முகத்தைச் சுளித்தாள். "ஏங்க இப்படிக் கத்துறீங்க?"

பெஞ்சில் இருந்த வேற்று மனிதர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர்கள் முன்னாலேயே அழுதேன்.

அடுத்த ஒரு வருடத்தைப் பற்றி என்ன எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும். கடுகு வெடிப்பதற்கு அவள் பயந்தாள். என் சைக்கிள் சங்கிலி எண்ணெய் இல்லாமல் கிரீச்சிடுவதைத் தெரு முனையிலேயே கேட்டு, எண்ணெய் விடுங்கள் என்று பொறுக்க மாட்டாமல் சண்டை போட்டாள். நான் இவ்வளவு உரக்கப் பேசுகிற மனிதன் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாதாம். மெல்லப் பேசப் பழகிக்கொள்ள எனக்குப் பல நாள் ஆனது. ஆபீசில்கூட, "என்னய்யா, குரல் இறங்கிடுச்சு?" என்று கேட்டார்கள்.

எல்லாவற்றையும்விட, மகள் பேச ஆரம்பித்தது அந்த வருடத்தில்தான். முதல் வார்த்தை 'அம்மா' இல்லை. 'காக்கா'. அவள் அதை அடுப்படியிலிருந்து கேட்டு ஓடி வந்தாள். குழந்தை திரும்பத் திரும்பக் காக்கா, காக்கா என்றது. இவள் பதிலுக்குக் காக்கா என்றாள். நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து அதைத் தவிர வேறு எதுவும் பேசாமல் இருந்தார்கள். அடுப்பில் குழம்பு தீய்ந்துபோயிருந்தது. நான் மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

பிறகு ஒருநாள், முற்றத்தில் நின்று அவளைக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஏதோ வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு நாள், பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பார்வை என் கண்ணிலிருந்து வாய்க்கு இறங்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் இருவரும் சில வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் என்னையறியாமல் குரலை உயர்த்த ஆரம்பித்தேன்.

மெட்ராஸ் டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இந்த முறை அவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிடவில்லை. அவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அசைத்து விட்ட எலும்பு மறுபடி இறுகிவிட்டது. சிலருக்கு இப்படி ஆகிறது. எத்தனை பேருக்கு ஆகும் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிய வருகிறது. இந்தச் சிகிச்சை அவர்களுக்கும் புதிது. திரும்பச் செய்து பார்க்கலாம். பலன் எப்படி இருக்கும் என்று முன்போலச் சொல்ல முடியவில்லை.

"யோசிச்சிட்டு வர்றோங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் அந்தப் படத்தின் மேல்தான் வந்தது. சுவரில் இன்னும் ஒட்டியிருந்தது, அடுப்புப் புகையில் மங்கி. சிகிச்சை முடிந்த நாளோடு எல்லாம் முடிந்துவிடும் என்பதுபோலத்தானே நான் அதை வரைந்திருந்தேன். கேட்கும் என்று பச்சை போட்டேன். எத்தனை காலத்துக்குக் கேட்கும் என்று டாக்டரிடம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பச்சை பச்சையாகவே இருந்துவிடும் என்று மூவருமே எடுத்துக்கொண்டோம். வரைகிற கைக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? ஆற்றங்கரை இடம் மாறும் என்று தெரிந்து புள்ளி வைத்தவன்தானே நான்.

கிழிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத ஏன் கிழிக்கிறீங்க? இது என்ன பண்ணிச்சு?"

"தப்பாப் போட்டுட்டேன்" என்று அவளைப் பார்த்து மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னேன். "இப்படி ஆகும்னு இதுல ஒருத்திகூட இல்ல."

அவள் என் கையை விடவில்லை.

"அன்னைக்கு இதையும் போட்டுக் காட்டியிருந்தாலும் நான் போயிருப்பேங்க. ஒரு வருஷம்தான் கேக்கும்னு நிச்சயமா எழுதிக் குடுத்திருந்தாக்கூட போயிருப்பேன். பாப்பா அந்த ஒரு வருஷத்துலதானே பேசுனா?"

படத்தை அவளே மெல்ல உரித்தெடுத்து, மடித்து, எங்கோ வைத்தாள். பிறகு வீடு மாறியபோது காணாமல் போய்விட்டது. நாங்கள் தேடவில்லை. இரண்டாவது முறை சிகிச்சைக்கு அவள் போகவில்லை. வலது காதைத் தொட விடவும் இல்லை. இருக்கிற அந்தக் கொஞ்சம் போதும் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. ஒருமுறை அவள் தன் கையால் நிறுத்துப் பார்த்து முடிவெடுத்ததைக் கண்ட பிறகு, அடுத்ததை அவளுக்காக நான் நிறுப்பது சரியாகப் படவில்லை. மச்சான் மட்டும் கொஞ்ச நாள் என்னை நேரே பார்க்காமல் இருந்தார். பிறகு ஒரு பொங்கலுக்குக் கரும்புக் கட்டோடு வந்து, தங்கையின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து பேசினார். ஊரில் எல்லோரிடமும் உரக்கக் கத்திப் பேசும் மனிதர், அவளிடம் மட்டும் அன்றிலிருந்து சத்தம் குறைத்து, உதட்டை அசைத்துப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

ஐம்பதுகள் முடியும் தறுவாயில் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பிரசவத்தால் காது இன்னும் மோசமாகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அப்படியே ஆனது. அவன் குரலை அவள் கேட்டதே இல்லை. அவன் மழலை பேச ஆரம்பித்தபோது அவனைத் தூக்கி எதிரே நிறுத்தி, தன் உள்ளங்கையை அவன் மார்பில் வைத்துக்கொள்வாள். அவன் பேசினால் அந்தச் சின்ன நெஞ்சு அதிரும். அதிர்வையும் உதட்டையும் சேர்த்து வைத்து அவன் சொன்னதைக் கண்டுபிடித்துவிடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, அம்மாவின் கை வந்து மார்பில் பட்ட பிறகுதான் பேச வேண்டும் என்று அவன் எடுத்துக்கொண்டான். இப்போது அவன் தலை நரைத்த மனிதன். லீவில் ஊருக்கு வந்தால், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரே போய் ஒன்றும் பேசாமல் நிற்கிறான். அவள் கையை எடுத்து அவன் சட்டை மேல் வைக்கிறாள். அதற்கப்புறம்தான், "அம்மா, வந்துட்டேன்" என்கிறான்.